அப்பா போட்ட முதல் ஓட்டு

இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். 1978இல், பன்னிரண்டு வயதில், குடும்பத்தோடு கோத்தகிரிக்கு வந்தேன். அதே குளிர், அதே கொழுந்து. நாடு மட்டும் வேறு. அங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள், இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ரயிலைக் 'கோச்சி' என்று சொல்லிவிட்டால் வகுப்பே சிரிக்கும். எங்களை மலையிலிருந்து கப்பலேறத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த வண்டிக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். அதை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

நாங்கள் ஏன் வந்தோம் என்பதை அப்பா ஓட்டுக் கணக்காகத்தான் சொல்வார். தாத்தா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்போது ஏழு இடங்களில் ஜெயித்தது. மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத்து ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் ஓட்டும் போயிற்று. அதற்கப்புறம் தாத்தா சாகும்வரை ஓட்டுப் போடவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எங்கள் லயத்தில் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், சித்தப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜனநாயகம் இருக்கும் இடத்தில் கலவரம் வராது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறாது. சர்வசன வாக்குரிமை 1931லேயே வந்த நாடு இலங்கை. 1977 ஜூலையில் தேர்தல் நடந்தது, ஆகஸ்டில் தமிழர்களை அடித்தார்கள். தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. பக்கத்துத் தோட்டத்து லயம் எரிந்த புகையை நானே பார்த்தேன். ஓட்டில்லாதவனை அடித்தால் எந்த அரசியல்வாதிக்கும் நஷ்டமில்லை. நான் கண்ட காரணம் இதுதான். பெரும்பான்மை கை தூக்கினால் போதும், மிச்சப் பேர் என்ன ஆனாலும் சரி என்றிருந்தால் அங்கே தேர்தலே சண்டைக்கு விதையாகிவிடும். 1982இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகக் பொது வாக்கெடுப்பு நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார்கள். மறு வருடம் ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் எல்லோருக்கும் தெரியும்.

1980 ஜனவரியில் அப்பா முதல்முறையாக ஓட்டுப் போட்டார், நாடாளுமன்றத் தேர்தலுக்கு. அவருக்கு 44 வயது. பனி விலகும் முன்னமே குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

அதனால் இங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. எங்கள் குடியிருப்புக்கும் கீழ் ஊருக்கும் தண்ணீர்க் குழாயில் தகராறு வந்து ஒருமுறை கம்பெடுத்துவிட்டார்கள். 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு இரண்டு பக்கத்து ஆட்களும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். குழாயைப் பற்றி முதன்முதலாக உட்கார்ந்து பேசியது அப்போதுதான். யார் எப்போது பிடிப்பது என்று நேரம் குறித்தார்கள். ஒருவரையொருவர் பிடித்துப்போய் அல்ல. எண்ண வேண்டிய தலைகளாக நாங்களும் ஆகியிருந்தோம், அவ்வளவுதான். சமாதானம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் என்பார்கள். 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று, சண்டை நிற்கவில்லை. நான் பார்த்த சமாதானம் குழாயடியில் நேரம் குறித்ததுதான்.

சித்தப்பாவின் மனு வருடக்கணக்காகக் கிடந்து, 1988 சட்டத்தில்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. 1989 பிப்ரவரித் தேர்தல் முடிந்ததும் கடிதம் போட்டார். வடக்கில் இந்திய ராணுவம், தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கலவரம் என்று நாடே பற்றியெரிந்த நேரம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "அண்ணே, நானும் ஓட்டுப் போட்டுட்டேன். அய்யாவுக்கு அப்புறம் இங்க நம்ம வீட்டுல நான்தான்" என்று எழுதியிருந்தார்.

அப்பா அதை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.