காசோர்லாவின் கணுக்கால்

ஸ்பெயின் கால்பந்து வீரர் சான்டி காசோர்லாவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டு வந்தேன். அவருடைய கதை முடிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டும்போதெல்லாம் அவர் இன்னும் ஒரு அத்தியாயத்தோடு திரும்பி வந்தார். 2025 ஜூனில் நடந்ததைப் பார்த்த பிறகு இனியும் தள்ள மனம் வரவில்லை.

முதலில் அவர் ஆட்டம். உயரம் 168 சென்டிமீட்டர். பெரிய வேகக்காரர் இல்லை, முட்டி மோதும் உடம்பும் இல்லை. ஆனால் பந்து அவர் காலுக்கு வரும் அந்த அரை நொடியைக் கவனித்துப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு தோளுக்கும் பின்னால் பார்த்துவிடுவார். எதிராளி வலப்பக்கம் நெருங்கினால் இடது காலால் வாங்கி இடது பக்கமே திரும்பிப் போவார். இடப்பக்கம் நெருங்கினால் அதையே வலது காலால். பெரும்பாலான வீரர்களுக்கு ஒரு கால் எழுதுகிற கை மாதிரி, இன்னொன்று சும்மா துணைக்கு. காசோர்லா கார்னர் கிக்கை இரண்டு காலாலும் அடிப்பார், ஃப்ரீ கிக்கையும் அப்படியே. எனக்கும் என் அண்ணனுக்கும் அவர் ஆட்டம் பார்க்கும்போது ஒரே விளையாட்டுதான். "டேய், இப்போ எந்தக் கால்?" என்று அண்ணன் கேட்பான், ரீப்ளே வருவதற்குள் நான் சொல்ல வேண்டும். பாதி தடவை தவறாகத்தான் சொல்லியிருப்பேன்.

கல்லூரி அணியில் நானும் நடுக்களத்தில் ஆடினேன், இடது கால் சுத்தமாக வராது. அவரைப் பார்த்துத்தான் தினமும் சாயங்காலம் ஒரு சுவரை எதிரே வைத்துக்கொண்டு இடது காலால் மட்டும் அடிக்க ஆரம்பித்தேன். நாலு மாதம் கழித்து, ஒரு ஆட்டத்தில் யோசிக்காமலே இடது காலால் ஒரு பாஸ் போனது. இன்றும் அந்தப் பாஸ் எனக்கு நினைவிருக்கிறது.

அவர் பிறந்தது 1984 டிசம்பரில், ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில் உள்ள யனேராவில். ஒவியேடோ நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. சிறுவனாக அந்த நகரத்துக் கிளப்பான ரியால் ஒவியேடோவின் இளையோர் அணியில் சேர்ந்தார். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே முதல் அணிக்கு ஏறி, அந்த நீலச் சட்டையோடு ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகாவில் ஆடியிருக்க வேண்டிய பையன். ஆனால் 2003இல் அந்தக் கிளப் இடிந்து விழுந்தது. ஆட்டத்தில் தோற்று மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். வீரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்ததற்காக இன்னும் ஒரு படி கீழே தள்ளப்பட்டு நான்காம் நிலைக்கே போனார்கள். பதினெட்டு வயதுப் பையன் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வில்லாரியால் கிளப்புக்குக் கிளம்பினான்.

பணமில்லாத கிளப்புகளின் கதை அவரோடு கூடவே வந்தது. வில்லாரியாலில் வளர்ந்து, ரெக்ரியாடிவோவில் ஒரு சீசன் ஆடி, மறுபடி வில்லாரியாலுக்கே வந்து, 2008இல் அவர்களோடு லா லிகாவில் இரண்டாம் இடம் பிடித்தார். 2011இல் மாலகா வாங்கியது. ஒரே சீசனில் அந்த அணியை நான்காம் இடத்துக்கு, அதாவது சாம்பியன்ஸ் லீக் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் அங்கேயும் கஜானா காலி. 2012 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு விற்றுவிட்டார்கள். ஆர்சனல் ரசிகனான எனக்கு அது யோகம்தான். ஆனால் அவர் பக்கம் நின்று பார்த்தால், வேரோடு பிடுங்கி நடப்படுவது அது இரண்டாம் முறை.

அதே 2012 நவம்பரில் ஒவியேடோ மறுபடி மூழ்கப் பார்த்தது. கிளப்பைக் காப்பாற்றப் பங்குகள் விற்றார்கள், ஒரு பங்கு 10.75 யூரோ. உலகம் முழுக்க முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் வாங்கினார்கள். காசோர்லா, ஹுவான் மாட்டா, மிச்சு என்று அங்கே வளர்ந்து அப்போது இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் பணம் போட்டார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பழைய வீட்டை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நான் அவரைத் தனியாக நேசிக்கத் தொடங்கியது அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான்.

ஸ்பெயின் அணி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 81 ஆட்டம், 2008லும் 2012லும் ஐரோப்பிய சாம்பியன். 2008 காலிறுதியில் இத்தாலிக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டில் ஒன்றை உள்ளே போட்டவர். காயத்தால் 2010 உலகக் கோப்பை கைநழுவியது. சாவி, இனியஸ்டா, சில்வா, ஃபாப்ரிகாஸ் எல்லாம் ஒரே காலத்தில் இருந்த அணியில் 81 ஆட்டம் என்பது சின்ன விஷயமே இல்லை.

ஆர்சனலில் நான் பொத்தி வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, 2014 மே 17, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒன்பது வருடமாகக் கோப்பையே இல்லாத அணி, எட்டே நிமிடத்தில் ஹல் சிட்டியிடம் 0-2. மூன்றாவது கோலும் விழுந்திருக்கும், கோட்டில் நின்ற கீரன் கிப்ஸ் தலையால் வெளியே தள்ளினார். அப்புறம் 17ஆவது நிமிடம், கோலுக்கு நல்ல தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். காசோர்லா பந்தை வைத்தார், இரண்டு மூன்று எட்டு ஓடிவந்தார், வலது காலால் அடித்தார். கோலின் மேல் மூலைக்குப் போய் விழுந்தது பந்து. அவர் கொண்டாடக்கூட இல்லை, உடனே திரும்பி ஓடினார். கடைசியில் கூடுதல் நேரத்தில் ராம்சி அடித்து 3-2. எல்லோரும் ராம்சியைச் சொல்வார்கள். அந்த ஃப்ரீ கிக் உள்ளே போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

இன்னொன்று 2015 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில். அதற்குள் பயிற்சியாளர் வெங்கர் அவரைத் தடுப்பு நடுக்கள வீரர் கோக்லாவுக்குப் பக்கத்தில், பின்னால் இறக்கி ஆடவைத்திருந்தார். பெனால்டியில் ஒரு கோல். ஜிரூ தலையால் முட்டிய இரண்டாவது கோலுக்கு ஃப்ரீ கிக் அடித்துக் கொடுத்ததும் அவரே. 2-0. ஆளுயர வீரர்கள் மூன்று பேர் சூழ்ந்து நிற்க, நடுவிலிருந்து பந்தோடு இவர் வெளியே வருவார், அவ்வளவு சாதாரணமாக. பெரிய பெரிய கோல்களைவிட அந்த வெளியேறுதல்கள்தான் எனக்கு முக்கியம்.

சரி, கணுக்காலுக்கு வருகிறேன்.

2013 செப்டம்பரில் ஸ்பெயினுக்காக ஆடிய, சிலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் வலது கணுக்காலில் அடி பட்டது. வலியோடுதான் பிறகு மூன்று வருடம் ஆடினார் என்பது நமக்குப் பின்னால் தெரிந்தது. 2016 அக்டோபரில் லுடோகொரெட்ஸுக்கு எதிரான ஆட்டம்தான் ஆர்சனலுக்கு அவர் கடைசியாக ஆடியது. அறுவை மேல் அறுவை, தையல் போட்ட இடம் ஆறவே இல்லை. உள்ளே கிருமி புகுந்து குதிகாலுக்கு மேலே உள்ள அகில்லிஸ் தசைநாரையே தின்றுவிட்டது, சுமார் 8 சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் அதோடு திருப்திப்பட்டுக்கொள் என்று அவரிடம் சொன்னார்களாம். கால் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

ஸ்பெயினில் விட்டோரியா நகரத்து மருத்துவர் மிகேல் சான்செஸ்தான் 2017இல் அந்தக் காலைத் திரும்பக் கட்டினார். கணுக்காலில் போய்விட்ட தோலுக்கு இடது முன்கையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினார்கள். அந்தக் கையில் தன் மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்தார் காசோர்லா. மகளின் பெயர் இந்தியா. பாதிப் பெயர் கையிலேயே நின்றுவிட்டது, மீதி எழுத்துகள் கணுக்காலுக்கு வந்துவிட்டன. அந்தப் புகைப்படத்தை முதல் தடவை பார்த்தபோது நான் வெகுநேரம் திரையை நகர்த்தவே இல்லை. தையல் தழும்புகளுக்கு நடுவே மகளின் பெயரில் பாதி. அந்தக் காலோடு ஒருவர் மறுபடி ஓடப் போகிறார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஓடினார். 2018இல் வில்லாரியால் அழைத்துக்கொண்டது. 636 நாள் கழித்து ஆட்டத்துக்குத் திரும்பினார். 2019 ஜனவரி 3 அன்று ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு 2-2 என்று சமன் செய்ய வைத்தார். அதில் இரண்டாவது, தலையால் முட்டியது! அதே வருடம் ஸ்பெயின் அணிக்கும் திரும்பினார். அடுத்த சீசனில் லா லிகாவில் மட்டும் 11 கோல். பிறகு கத்தாரின் அல் சாத். அங்கே பயிற்சியாளர் பழைய தோழர் சாவி. அங்கேயே நல்ல சம்பளத்தோடு ஓய்வு பெற்றிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் ஒவியேடோவுக்குப் போனார். வயது 38. சம்பளமே வேண்டாம் என்றார், விதி அதை அனுமதிக்காததால் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டார். தன் பெயர் போட்ட சட்டை விற்கும் பணத்தில் 10 சதவீதம் கிளப்பின் இளையோர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இருபது வருடத்துக்கு முன் ஆட வேண்டிய முதல் ஆட்டத்தை அந்தச் சட்டையோடு அப்போதுதான் ஆடினார்.

2024இல் லா லிகாவுக்கு ஏறும் பிளே-ஆஃப் இறுதியில் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். அந்த இறுதி இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் 1-0 வென்று, இரண்டாவதில் 0-2. 2025இல் மறுபடி இறுதி, எதிரே மிரான்டெஸ். வெளியூரில் 0-1 தோல்வி. ஜூன் 21, ஒவியேடோவின் சொந்த மைதானமான கார்லோஸ் டார்டியேரே. ஆரம்பத்திலேயே மிரான்டெஸ் இன்னொன்று அடித்துவிட்டது. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் ஃபோனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே பார்த்தேன், உட்கார முடியவில்லை. முதல் பாதி முடியும் முன்னால் ஒவியேடோவுக்கு ஒரு பெனால்டி. நாற்பது வயதுக்காரர் பந்தை எடுத்து வைத்தார். பின்னால் போனார். அடித்தார். உள்ளே.

இரண்டாம் பாதியில் இலியாஸ் சைரா ஒன்று, கூடுதல் நேரத்தில் போர்டியோ ஒன்று. 3-1. இருபத்து நான்கு வருடம் கழித்து ஒவியேடோ லா லிகாவில்.

ஆட்டம் முடிந்தபோது இங்கே அதிகாலை மூன்று மணிக்கு மேல். ஃபோன் அடித்தது. அண்ணன். "பார்த்தியாடா?" என்றான். "பார்த்தேன்ணா" என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அவன் பக்கத்திலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதே கூச்சல்.