ஜேம்ஸ் ராஜா கொடுத்த சலுகையும் பன்யன் கல்லறையும்

லண்டனில் மூன்றாம் நாளும் மழை. டிராஃபால்கர் சதுக்கத்தில் நேஷனல் கேலரி வாசலில் ஒதுங்கி நின்றபோதுதான் அந்தச் சிலையைப் பார்த்தேன். வெண்கலம், ரோமானியச் சக்கரவர்த்தி வேஷம், தலையில் இலைக் கிரீடம், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இந்தக் குளிருக்கு இப்படி ஒரு உடுப்பா என்று சிரித்துக்கொண்டே பீடத்தைப் படித்தால், இரண்டாம் ஜேம்ஸ். நாட்டை விட்டு ஓடிப்போன ராஜா. வாசலின் மறுபக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் நிற்கிறார், இது யார் யோசனையோ தெரியவில்லை.

பள்ளியில் படித்த ஜேம்ஸ் ஒரு கொடுங்கோலன், அவ்வளவுதான். ஆனால் அவர் செய்தது என்ன? கத்தோலிக்கரான அவர் 1687 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கத்தோலிக்கர்களும், அரசின் சபையான இங்கிலாந்துச் சபைக்குக் கட்டுப்படாத பாப்டிஸ்ட், குவேக்கர் போன்ற புராட்டஸ்டன்ட்களும் இனி பயமில்லாமல் கும்பிடலாம், தண்டனைச் சட்டங்களை நிறுத்தி வைக்கிறேன் என்றார். இன்றைக்குப் படித்தால் நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிகிறது. அப்புறம் ஏன் ஊரே அவரைத் துரத்தியது? அன்று முழுக்க எனக்கு இதே குடைச்சல்.

வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து, ஒரு காலத்தில் சிறையாக இருந்த டவர் கோட்டைக்குப் படகில் போனேன். 1688 ஜூனில் ஏழு பிஷப்புகளை இதே ஆற்று வழியாகத்தான் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். அந்த அறிவிப்பை எல்லாக் கோயில்களிலும் வாசிக்க வேண்டும் என்று ராஜா உத்தரவு போட, ‘நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீங்கள் ஒருவராக நிறுத்த முடியாது’ என்று மனு எழுதினார்கள், அதற்குத்தான் டவர். கரையெல்லாம் ஜனம் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் கேட்டதாம். காவல் சிப்பாய்களே கேட்டார்களாம். இத்தனைக்கும் இந்த பிஷப்புகளின் இங்கிலாந்துச் சபைதான் பல வருஷம் மற்றவர்களின் கூட்டங்களைக் கலைத்து ஆட்களைச் சிறையில் தள்ளியது, அதை மறந்துவிடக் கூடாது.

விசாரணை வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில். ஜூரியில் ஒருவர் அரண்மனைக்கு பீர் காய்ச்சிக் கொடுப்பவர். குற்றவாளி இல்லை என்றால் ராஜாவுக்கு இனி பீர் விற்க முடியாது, குற்றவாளி என்றால் வேறு ஒருத்தனுக்கும் விற்க முடியாது என்று புலம்பினார் என்று ஒரு கதை. பாவம், ராத்திரி முழுக்க ராஜா பக்கம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்துவிட்டு விடியக்காலையில்தான் இறங்கி வந்தார். ஜூன் 30 அன்று ஏழு பேரும் விடுதலை. அதே நாளில் ஹாலந்திலிருந்த ஜேம்ஸின் மருமகன் வில்லியமுக்கு, படையோடு வாருங்கள் என்று ரகசிய அழைப்புக் கடிதமும் கிளம்பிவிட்டது. நவம்பர் 5 அவர் படையோடு வந்து இறங்கினார், டிசம்பரில் ஜேம்ஸ் ஓடினார், ஓடும்போது அரச முத்திரையைத் தேம்ஸில் வீசிவிட்டு.

சரி, என் குடைச்சலுக்கு வருகிறேன். அது தீர்ந்தது டவரில் இல்லை, பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டத்தில். ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச நடை, வெஸ்லி சேப்பலுக்கு நேர் எதிரே. சபை மந்திரித்த மண் இல்லை என்பதால் சபையோடு ஒத்துப்போகாதவர்கள் இங்கே வந்து புதைந்தார்கள். பாசி பிடித்துச் சாய்ந்த கற்கள், பிளேன் மரங்கள், மடியில் சாண்ட்விச் டப்பாவோடு ஆபீஸ்காரர்கள். நடுவில் ஜான் பன்யன் கல்லாகப் படுத்திருக்கிறார்.

‘மோட்சப் பிரயாணம்’ கதையை எழுதியவர், ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணினார் என்று 1660இல் பிடித்து பெட்ஃபோர்ட் சிறையில் போட்டார்கள், வெளியே வந்தது 1672இல். எப்படி? ஜேம்ஸின் அண்ணன் சார்ல்ஸ் ராஜாவும் இதே மாதிரி ஒரு சலுகை அறிவித்தார். மறுவருஷமே நாடாளுமன்றம் மிரட்ட, வாபஸ். சில வருஷத்தில் பன்யன் மறுபடியும் ஆறு மாதம் உள்ளே. ராஜாவின் வாய்வார்த்தையால் திறந்த கதவு எப்படி மூடும் என்று அவரைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினைந்து வருஷம் கழித்து, கத்தோலிக்க ராஜா ஒருவர் அதே சலுகையை நீட்டினால் சிலர் நன்றிக் கடிதம் எழுதினார்கள், குவேக்கர் வில்லியம் பென் உண்மையாகவே நம்பினார், ஆனால் நிறையப் பேருக்குக் கை நீளவில்லை. எனக்கென்னவோ ஜேம்ஸ் அதில் பொய் சொன்னார் என்று தோன்றவில்லை. ஒரு சட்டத்தைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடிந்தவர் நாளைக்கு எந்தச் சட்டத்தையும் நிறுத்துவாரே, பயம் அங்கேதான்.

1689இல் நாடாளுமன்றமே சகிப்புச் சட்டம் போட்டது. ராஜா கொடுக்க வந்ததைவிடச் சின்னது. சேப்பலைப் பதிவு செய்ய வேண்டும், கூட்டம் நடக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது, அரசுப் பதவி கிடையாது. கத்தோலிக்கர்களுக்கு அதுவும் இல்லை, அவர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சின்னதை யாரும் மறுவருஷம் பிடுங்கவில்லை.

பன்யன் அதைப் பார்க்கவில்லை. 1688 ஆகஸ்டில் லண்டனுக்குக் குதிரையில் வரும் வழியில் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு இறந்துபோனார். நானும் அப்போது சொட்டச் சொட்ட நனைந்துதான் நின்றுகொண்டிருந்தேன், ஒரு மாதிரி இருந்தது.

கல்லறையின் ஒரு பக்கத்தில், முதுகில் மூட்டையோடு குனிந்து நடக்கும் பயணியைச் செதுக்கியிருக்கிறார்கள். படம் எடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். பாவ மூட்டையோடு கிளம்பும் பயணி, சிலுவையடியில் அது விழுந்துவிடும், அந்தப் பன்யன் கதையைத்தான் நம்ம ஊர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்று காவியமாகப் பாடினார், அம்மாவுக்கு அதில் பாட்டுகள் மனப்பாடம். இரண்டு நிமிஷத்தில் போன்.

“ஏல, மூட்டையோட நிக்கான். விழுந்த பக்கம் எங்கல? சுத்திப் போய் எடு.”

குடையை மடக்கிவிட்டு மறுபக்கம் போனேன்.