சுனை இருக்கும் இடத்தில் பள்ளி: வள்ளிமலை முதல் திருமலை வரை மூன்று நாள் நடை

வட ஆற்காட்டு மலைக்கோயில்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அடிவாரம் வரை வண்டியில் வந்து, படியேறி, தரிசனம் முடித்து, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். சுவாமியைச் சேவிக்க அது போதும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மலைகளில் சமணத் துறவிகள் தங்கியிருந்த உறைவிடங்களான பள்ளிகளைப் பார்க்கவேண்டும் என்றால் நடந்துதான் ஆகவேண்டும். பக்கத்தில் இதைவிடப் பெரிய குன்றெல்லாம் இருக்க, முனிவர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை நடக்கிற காலுக்குத்தான் கிடைக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் நடந்து நாக்கு வறண்ட பிறகு ஒரு சுனையின் ஓரத்தில் உட்கார்ந்தால் போதும். தண்ணீர் வற்றாத பாறை, வெயில் விழாத குகை, பிச்சைக்குப் போய்வரும் தூரத்தில் ஒரு ஊர். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பள்ளி இருக்கும். ஆகவே எந்த மலைக்குப் போனாலும் ஊர்க்காரரிடம் குகை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் சுனை எங்கே என்று கேளுங்கள். பாதி வழி தெரிந்துவிடும்.

மார்கழி, தை இரண்டும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுனைகள் நிறைந்திருக்கும், பாறையில் பாசி அதற்குள் காய்ந்திருக்கும். மழை பெய்த வாரத்தில் போகவே கூடாது. கறுப்பாகத் தெரியும் பாறைச் சரிவுகள் எல்லாம் பாசி படிந்தவை. காய்ந்திருக்கும்போது கால் நன்றாகப் பிடிக்கும், ஈரமானால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். பங்குனிக்குப் பிறகு வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும், பாறை அதற்கு மேல் சுடும்.

ஒரு குழுவுக்குப் பத்துப் பேர் அளவு. வழிகாட்டி முன்னால் போவார். பழகிய இன்னொருவர் கட்டாயம் கடைசியில் வரவேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பும் வெல்லமும், தொப்பி அல்லது துண்டு, ஒரு டார்ச், ஒரு கைத்தடி, இரண்டு ஜோடி பருத்திக் காலுறை. காலுறை எதற்கு என்றால், செருப்பைக் கழற்றவேண்டிய இடங்களில் காலை பத்து மணிக்கே வெறுங்காலில் பாறையில் நிற்க முடியாது. தோல் செருப்பு, தோல் பெல்ட், தோல் பை எதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் போவது சமணத் தலம், அங்கே அது மரியாதை இல்லை.

முதல் நாள் திருவல்லத்தில் தொடங்கவேண்டும். சென்னை–காட்பாடி ரயில் பாதையில் திருவலம் என்று நிலையமே இருக்கிறது. எல்லா வண்டியும் நிற்காது என்பதால் வேலூரிலிருந்து பஸ் வசதி. வில்வநாதேஸ்வரர் கோயிலில் நந்தி இறைவனுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்தபடி இருக்கிறார். அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரைக் கஞ்சன் என்ற அசுரன் வழிமறித்ததாகவும், அவனை விரட்ட நந்தி திரும்பியதாகவும் தலபுராணம் சொல்கிறது. இறைவன் "நீ, வா" என்று அழைத்ததால் நதிக்கு நீவா என்று பெயராம். இன்று நாம் பொன்னையாறு என்கிறோம். சம்பந்தர் பாடிய தலம் இது. நம் நடைக்கு இன்னொரு முக்கியமும் உண்டு. கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயர் வாணபுரம். வாண அரசர்களின் ஊர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வள்ளிமலைக் குகையில் தேவைப்படும்.

ஐந்தரை மணிக்குள் திருவல்லத்தை விட்டால் பொன்னையாற்றை ஒட்டியே வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து ஒன்பது மணிவாக்கில் மேல்பாடி சேரலாம். மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு. இதைவிட வேகமாகப் போகிற குழுக்கள் மலையேறும்போது தளர்ந்துவிடுகின்றன. ஆற்றுக்குள் இறங்கி நடக்க ஆசையாக இருக்கும். மணல் காலை இழுக்கும், நேரம் இரட்டிப்பாகும், கரைப்பாதையே போதும். மேல்பாடியில் சோழர் காலத்துக் கோயில்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. அவற்றில் அரிஞ்சிகை ஈஸ்வரம், ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து வள்ளிமலை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். மலை கண்ணெதிரே இருக்கும்.

வள்ளிமலையை நடுப்பகலில் ஏறாதீர்கள். அடிவாரத்தில் வள்ளியம்மையையும் முருகனையும் சேவித்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்து, நான்கு மணிக்கு ஏறுங்கள். படிகள் நானூறுக்கு மேல். கல் படிகள் உயரம் ஒன்றுபோல் இருக்காது, பழைய படிகளில் சில முழங்கால் வரை வரும். ஏறும்போது குதிகாலை முழுதாக ஊன்றி ஏறினால் கெண்டைக்கால் பிடிக்காது. இறங்கும்போது முழங்கால் வலிக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி, கைத்தடியை முதலில் வைத்து இறங்கவேண்டும். குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சத்தத்துக்கே வரும். தேங்காய், பழம், தினைமாவு எதுவானாலும் துணிப்பைக்குள் போய்விட வேண்டும்.

மேலே பாறையைக் குடைந்த குடைவரைக்குள் வள்ளி தெய்வானையோடு முருகன் இருக்கிறார். அருணகிரிநாதர் பாடிய இடம். திருப்புகழை ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தவமிருந்ததும், 1950-இல் சமாதியானதும் இங்கேதான். அவர் ஆசிரமத்தில் உட்கார்ந்து ஒரு திருப்புகழாவது பாடிவிட்டுப் போகவேண்டும். பாடத் தெரியாதவர்கள் படிக்கலாம், சந்தம் தானே வந்துவிடும். மலையின் மேலேயே சூரியன் காணாத சுனை இருக்கிறது. கிழவனாக வந்த முருகனுக்குத் தினைமாவு விக்கியபோது வள்ளி தண்ணீர் எடுத்துக் கொடுத்த சுனை என்பது நம்பிக்கை. பாறையின் இடுக்கில் நிழலிலேயே கிடக்கும் தண்ணீர். வெயில் படாததால் ஆவியாகிப் போவது குறைவு, மேலே உள்ள பாறை வாங்கிய மழை விரிசல் வழியே மெல்லக் கசிந்து வருகிறது. அதனால்தான் கோடையிலும் நிற்கிறது. தண்ணீரில் கை கால் கழுவாதீர்கள். குடிக்க வேண்டுமென்றால் கொண்டுபோன தண்ணீரைக் குடியுங்கள், சுனை நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமணர் குகைகள் மலையின் கிழக்குப் பக்கம். இவற்றை மறுநாள் விடியலுக்கு வையுங்கள். முதல் வெயில் பாறை முகத்தில் சாய்வாக விழும் ஒரு மணி நேரத்தில்தான் எழுத்து தெரியும். வெயில் ஏறிவிட்டால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் இருக்காது, வெறும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். மேகமூட்டமாக இருந்தால் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். நேராக அடித்தால் பயனில்லை. சுண்ணாம்புக்கட்டியால், விபூதியால் எழுத்தை நிரப்பிப் படிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கண்டால் தடுத்துவிடுங்கள். துடைக்கத் துடைக்க விளிம்பு மழுங்கும்.

பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களும் அவர்களின் காவல் தெய்வங்களான இயக்கியரும் வரிசையாகப் புடைப்பாக இருக்கிறார்கள். கல்வெட்டுகள் கன்னட மொழியில். கங்க அரசன் ராஜமல்லன் இந்தக் குன்றைப் பெற்று இங்கே வசதி, அதாவது சமணப் பள்ளி, அமைத்தான் என்று ஒன்று சொல்கிறது. அவன் சிவமாரன் வழி வந்த ஸ்ரீபுருஷனின் பேரன், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். இன்னொரு கல்வெட்டு ஒரு திருமேனியை அடையாளம் காட்டுகிறது: பவணந்தியின் மாணாக்கர், வாணராயரின் குரு தேவசேனர். நேற்று விடியலில் நாம் கிளம்பிய வாணபுரம் இருக்கிறதே, அதன் அரசரின் குரு இங்கே இருந்திருக்கிறார். அரசரின் ஊருக்கும் குருவின் குகைக்கும் இடையே அரை நாள் நடை. பஸ்ஸில் வந்திருந்தால் இது ஒரு தகவல் மட்டும்தான். கால் வலியோடு அந்தத் திருமேனியின் முன் நிற்கும்போது கைகள் தாமாகக் கூப்பிக்கொள்ளும்.

அஜ்ஜணந்தி அடிகள் என்ற சமணத் துறவியின் பெயரும் இங்கே உண்டு. மதுரைப் பக்கத்துச் சமணக் குன்றுகளிலும் அதே பெயரைக் காணலாம்.

திருமேனிகளுக்கு மஞ்சள், குங்குமம், எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் பாறைத் துளைகளில் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு கரியாகும். குகை முகப்புகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். இந்த நடையில் உயிருக்கு ஆபத்து என்றால் அது இதுதான். கற்பூரம், ஊதுபத்தி, சென்ட், உரத்த கூச்சல் கூடாது. தேனீ ஒன்றிரண்டு முகத்தைச் சுற்ற ஆரம்பித்தால் கையால் அடிக்காமல் துண்டால் தலையை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். பாறையில் ஓடினால் கொட்டுவதைவிட விழுவதே மோசமாகும்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் ஆற்காடு. அங்கிருந்து கண்ணமங்கலம் போகும் சாலையில் விளாப்பாக்கத்துப் பக்கம் ஆறேழு கிலோமீட்டர் நடந்தால் பஞ்சபாண்டவர் மலை. பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யார் வெட்டியது என்று தெரியாத குகையெல்லாம் நம் ஊர்ப்பக்கம் பாண்டவர் பெயரில் போய்விடும். கல்வெட்டில் இது திருப்பான்மலை. கீழே தூண்களோடு ஏழு அறைகள் கொண்ட குடைவரை, உள்ளே திருமேனி எதுவும் இல்லை. பலர் இதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்கவேண்டியது மலையின் இன்னொரு பக்கத்தில் தண்ணீர் நிற்கும் இயற்கைக் குகை. அதன் பாறையில் பொன்னியக்கி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் எழுத்து: பல்லவ அரசர் நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆண்டில், நாகணந்தி குரவர் இருக்க, புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் பொன்னியக்கியாரின் படிமத்தைக் கொட்டுவித்தான், அதாவது செதுக்கச் செய்தான். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அரசன் செய்த வேலை இல்லை. பக்கத்து ஊர் மருத்துவர் வீட்டுப் பிள்ளை, குருவை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே இயக்கியை எழுந்தருளச் செய்திருக்கிறான்.

ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இங்கே உண்டு. பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குத் தானமாக, விடப்பட்ட கூறகன்பாடி ஊரிலிருந்து கற்பூரவிலை என்று பிடிக்கப்பட்ட வருமானம் பள்ளிக்குச் சேராமல் போனது. லாடப் பேரரையன் வீரசோழன் என்ற சிற்றரசனிடம் அவன் மனைவி லாடமகாதேவியார் முறையிட, அவன் அதைத் திருப்பிவிட்டான். வெறும் குன்றாகத் தெரிகிற இடத்துக்காக ஒரு பெண் கணவனிடம் வழக்காடியிருக்கிறாள்.

இந்த மலையில் ஏறும்போது தட்டித் தட்டிப் போங்கள். மேல்தோல் உரிவதுபோலப் பாறையின் மேல்தகடு இங்கே உரிந்து நிற்கும். பகலில் சூடேறி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கி, தகடு தகடாகக் கழன்றுவிடுகிறது. கைத்தடியால் தட்டினால் கெட்டிப் பாறை "ணங்" என்னும், கழன்ற தகடு பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அதன் மேல் கால் வைக்கக் கூடாது. ஐந்தரைக்குள் இறங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள் திருமலை. வேலூர் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து திருவண்ணாமலை மார்க்கத்து வண்டியில் ஆரணி ரோடு நிலையம் தாண்டி மாதிமங்கலத்தில் இறங்கவேண்டும். ஊர்ப்பெயர் வடமாதிமங்கலம். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே மூன்று நான்கு கிலோமீட்டர். மாவட்டம் இப்போது திருவண்ணாமலை, பழைய கணக்கில் எல்லாம் வட ஆற்காடுதான். இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணரான நயினார் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன, 1998 முதல் அரஹந்தகிரி மடமும் இங்கே இயங்குகிறது. மற்ற இரண்டு மலைகளிலும் வெறுமையாகிவிட்ட பள்ளி, இங்கே உயிரோடு இருக்கிறது. அதனால்தான் இதைக் கடைசியில் வைப்பது. முதலில் பார்த்துவிட்டால் மற்றவை கண்ணில் நிற்காது.

அடிவாரத்தில் ஜினாலயங்கள் என்னும் சமணக் கோயில்கள், அவற்றுக்குப் பின்னால் பாறையை ஒட்டி ஓவியக் குகை. இதற்குள் போகும்போது முதுகுப்பையைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். பாறையில் சுதை பூசி, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு வெள்ளையடித்து, அந்த வெள்ளையின் மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மேல்பூச்சு நகத்தின் கனம்கூட இருக்காது. குறுகலான அறைகளில் பை ஒருமுறை உரசினால் போதும், வண்ணத்தோடு பூச்சு பொடியாக உதிரும். வேர்வைக் கையின் உப்பும் அதையே மெதுவாகச் செய்யும். டார்ச்சைக் கூரையில் நேராக அடிக்காமல் எதிர்ச் சுவரில் அடித்தால் சிதறும் வெளிச்சமே போதும். வட்டம் வட்டமாக வரையப்பட்ட சமவசரணத்தைத் தேடிப் பாருங்கள். தீர்த்தங்கரர் அறம் உரைக்க, தேவரும் மனிதரும் விலங்குகளும் சுற்றிக் கேட்கும் மண்டபம் அது. பிளாஷ் கூடாது.

மேலே ஏறினால் சிகாமணிநாதர் என்று வணங்கப்படும் நேமிநாதர், பாறையோடு பாறையாக நிற்கிறார். தமிழ்நாட்டுச் சமணத் திருமேனிகளில் இதுவே உயரமானது. வழிபாடு நடக்கும் இடம் என்பதால் படம் எடுப்பதற்கு முன் அங்கிருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சமணர் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரம் தெரிந்தவர்கள் சொல்லலாம், தெரியாதவர்கள் பேசாமல் நின்றாலே வழிபாடுதான்.

இங்கும் தண்ணீர் உண்டு, கல்லிலேயே எழுதியிருக்கிறது. ராஜராஜனின் இருபத்தோராம் ஆண்டில் குணவீர மாமுனிவன் என்பவர், கணிசேகர மருபொற்சூரியன் என்ற தம் ஆசிரியர் பெயரால் ஒரு கலிங்கு, அதாவது மதகு, கட்டினார். துறவி ஒருவர் ஊர் வயலுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி வைத்த இயக்கன் இயக்கியரைப் புதுப்பித்து, ஒரு கால்வாயும் வெட்டியதாக இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. அடிவாரத்து வயல்களைக் கடந்து வரும்போது வாய்க்கால் ஓரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

மடத்தில் சாப்பிட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் சமையலில் இருக்காது, வெளியிலிருந்தும் கொண்டுபோகக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு இல்லை. விளக்கு வைத்த பிறகு கேட்டு வருந்துகிறவர்கள் உண்டு, ஐந்து மணிக்குள் கையலம்பி உட்கார்ந்துவிடுங்கள்.

அதற்கு முன், உச்சியை ஒட்டிய பாறையில் முதலாம் ராஜேந்திரனின் பதின்மூன்றாம் ஆண்டுக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு இறங்கலாம். கங்கை வரை அவன் வென்ற நாடுகளெல்லாம் வரிசையாக வரும். சரித்திரப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பட்டியலைத்தான். கல் வெட்டப்பட்டது வேறு காரியத்துக்காக. பட்டியல் முடிந்த கடைசி வரிகளில் நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை வருகிறாள். குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தாவிளக்குக்கும் (அணையாமல் எரியும் விளக்கு) திருவமுதுக்கும் அவள் பொருள் கொடுத்திருக்கிறாள்.