விடெவ் புரியாமல் டிஸ்க்கில் கைவைக்காதீர்கள்

வீட்டில் ஃபைல் சர்வர் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த டிஸ்க் வாங்குவது, எவ்வளவு ரேம் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ட்ரூநாஸ் மாதிரி, இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளையும் ஃபைல்களையும் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) பயன்படுத்தும் சர்வர் மென்பொருள் ஒன்றைப் போடுவதாக இருந்தால், டிஸ்க், விடெவ், பூல் என்ற மூன்று அடுக்கும் தெளிவாகப் புரிந்த பிறகே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

டிஸ்க்குகள் சேர்ந்து ஒரு விடெவ். ஒன்றோ பலவோ விடெவ்கள் சேர்ந்து ஒரு பூல். டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைப்பது விடெவ்வுக்குள் நடக்கிற காரியம்: ஒரே டேட்டாவை இரண்டிலும் வைக்கும் இரண்டு டிஸ்க் மிரரில் ஒன்று போகலாம், மீட்புத் தகவலை டிஸ்க்குகளில் பரப்பி வைக்கும் ரெய்டு-இசட்1-இல் ஒன்று, ரெய்டு-இசட்2-இல் இரண்டு. பூலுக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. எழுதுகிற டேட்டாவை அது எல்லா விடெவ்களுக்கும் பிரித்துப் போட்டுக்கொண்டே போகும், அதனால் ஒரு விடெவ் முழுசாகப் போய்விட்டால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூல் மொத்தமும் போனதுதான்.

இது எங்கே கடிக்கும் என்றால், இரண்டு டிஸ்க் மிரர் வைத்திருப்பவர் இடம் போதாமல் மூன்றாவது டிஸ்க் வாங்கும்போது. பூலின் அமைப்பைக் காட்டும் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பூல் பெயருக்குக் கீழே கொஞ்சம் உள்தள்ளி 'மிரர்-0' என்று இருக்கும், அதற்கும் உள்ளே தள்ளி இரண்டு டிஸ்க்கின் பெயர்கள். புது டிஸ்க்கை 'அட்டாச்' கட்டளையால் சேர்த்தால் அந்த இரண்டோடு சேர்ந்து மூன்றாவது பிரதியாகிவிடும், இடம் கூடாது. 'ஆட்' கட்டளையால் சேர்த்தால் இடம் கூடும், ஆனால் அந்த டிஸ்க் 'மிரர்-0'க்கு நேர்கீழே, அதே வரிசையில் தனியாக நிற்கும். அதாவது அந்த ஒற்றை டிஸ்க்கே ஒரு விடெவ். அது செத்தால் எல்லாம் போச்சு. இசட்எஃப்எஸ் இதைச் சும்மா செய்யவிடாது, பாதுகாப்பு அளவு பொருந்தவில்லை என்று மறுக்கும். வலுக்கட்டாயமாகச் செய்யும் வழியையும் அதே செய்தியில் சொல்லிவிடும், பலரும் யோசிக்காமல் அதைத் தட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அங்கே நில்லுங்கள். 'ஆட்' கட்டளையோடு '-என்' சேர்த்தால், எதையும் மாற்றாமல், பூல் எப்படி ஆகும் என்று மட்டும் காட்டும்.

ரெய்டு-இசட் விடெவ்வில் டிஸ்க் ஒன்றைக் கூட்டுவது பல வருஷமாக முடியாத காரியமாக இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் (இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவம்) 2.3-இலிருந்து முடிகிறது. இருந்தாலும் இரண்டு இரண்டாக மிரர் போட்டுப் போவதுதான் வீட்டுக்குச் சரி என்பது என் கருத்து. பாதி இடம் போகும், ஆனால் வளர்ப்பதும் பழுது பார்ப்பதும் சுலபம்.

அப்புறம் இடக் கணக்கு. 4 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் 3.64 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, 4 லட்சம் கோடி பைட். சர்வர் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது, அந்த அளவுக்குப் பெயர் டெபிபைட்.

பூலுக்குள் டேட்டாசெட் என்ற தனிப் பகுதிகளைப் பிரிக்கும்போது அவற்றை வெறும் ஃபோல்டராக நினைக்காதீர்கள். கம்ப்ரெஷன், அளவு வரம்பு, ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) எல்லாம் டேட்டாசெட் வாரியாகத்தான் அமையும். குடும்பப் போட்டோக்களையும் டவுன்லோடுகளையும் ஒரே டேட்டாசெட்டில் போட்டு ஸ்னாப்ஷாட்டும் ஓடவிட்டால், டவுன்லோடுகளை அழித்த பிறகும் இடம் திரும்பாது, பழைய ஸ்னாப்ஷாட் அந்த பிளாக்குகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், போட்டோக்களின் ஸ்னாப்ஷாட்டை மாதக்கணக்கில் வைத்திருங்கள், டவுன்லோடுக்கு ஸ்னாப்ஷாட்டே வேண்டாம். போட்டோக்களின் இன்னொரு பிரதி வேறு ஒரு வீட்டில் இருக்கட்டும், ஏனென்றால் மிரரும் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன.