70-க்கு 13

அரையாண்டு இயற்பியல் பேப்பர் கைக்கு வந்தபோது முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 13 என்று இருந்தது. பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மொத்தம் 35 வந்தால் பாஸ்தான், ஆனால் எழுத்தில் மட்டும் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். அதுவே எனக்கு வரவில்லை. அது 2024 ஜனவரி. பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம்.

டீச்சர் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும், "பேப்பரை எடுத்துக்கிட்டு லேபுக்கு வாம்மா" என்றார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்து, "மார்க் எங்க போச்சுன்னு நீயே எனக்குக் காட்டு" என்றார்.

மின் இருமுனையால், அதாவது சிறு இடைவெளியில் இருக்கும் ஒரு நேர், ஓர் எதிர் மின்னூட்டத்தால், அச்சுக்கோட்டில் (இரண்டையும் இணைக்கும் கோட்டில்) ஏற்படும் மின்புலம், ஐந்து மார்க் கேள்வி. மனப்பாடமான டெரிவேஷன் (சூத்திரத்தை வரிவரியாக வருவிப்பது), கடைசி வரியும் சரி. கிடைத்தது இரண்டு. படத்தில் மின்னூட்டங்களுக்கு நேர்க்குறியும் எதிர்க்குறியும் போடவில்லை, புலத்தின் திசைக்கு அம்புக்குறி இல்லை. நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இந்த வரியில கீழ இருந்தது அடுத்த வரியில எங்கம்மா போச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதத்திலிருந்து எழுதிவருகிறேன், ஒருநாளும் அதை யோசித்ததில்லை.

எழுந்துபோய்க் கரும்பலகையின் ஒரு மூலையில் இருமுனையைச் சின்னதாக வரைந்தார். எதிர்மூலையில் ஒரு புள்ளி. "அங்க நின்னு பார்த்தா இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு பொருட்டா?" இல்லை. அதனால்தான் கீழே இருந்த அந்த இடைவெளியை அடுத்த வரியில் விட்டுவிடுகிறோம். ஆனால் தொலைவு மிக அதிகம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விட வேண்டும். அந்த வரியை நான் தாண்டியிருந்தேன். அன்றைக்குத்தான் இயற்பியல் எனக்குப் புரியும் என்ற நம்பிக்கையே வந்தது.

பேப்பரை முடிக்கும்போது ஆறரை ஆகிவிட்டது. அப்பா சைக்கிளில் வரும்வரை டீச்சர் கேட்டிலேயே நின்றிருந்தார். அவருக்கும் வீட்டில் ஸ்கூல் போகும் பிள்ளைகள் உண்டு.

அதன்பிறகு தினமும் ஒரு டெரிவேஷன். எழுதி முடித்து, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. ஒளி விலகும் கோணத்தை அளக்கும் நிறமாலைமானியில் வெர்னியர் என்ற நுண் அளவுகோலைப் பார்க்கப் பத்து நாள் பழகியது வீண்போகவில்லை.

மார்ச்சில் தேர்வு அன்று கேள்வித்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில், அவர் சொன்னபடியே இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் கட்டாயக் கேள்வியை முதலில் தேடினேன்; அது பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும். ஒன்பதில் ஆறு எழுதலாம் என்ற தைரியத்தில் கணக்கை விட்டுவிடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். 10.15-க்கு எழுதத் தொடங்கி, 1.15 மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே முடித்தேன். அந்தப் பத்து நிமிடமும் படங்களில் அம்புக்குறி போட்டிருக்கிறேனா என்று மட்டும் பார்த்தேன்.

மே 6 அன்று ரிசல்ட். இயற்பியல் 81. அம்மா அழுதுவிட்டார். டீச்சருக்கு போன் போட்டேன். மார்க்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

மதிப்பெண் பட்டியல் வாங்கப் போனபோது லேபில் பார்த்தேன். காலில் விழப்போனேன், தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்த 13 மார்க் பேப்பர் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். ஜூனில் வரும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.