சின்னத் தீவில் தனிமைக்குப் பஞ்சம்

"அங்கே தனியா என்னதான் பண்றீங்க, போரடிக்காதா?" போனில் பேசுகிற எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் மனதில் ஓடும் படம் எனக்குத் தெரியும். நீலக் கடல், கரையில் ஒரு குடை, அதன் கீழே பேச ஆளில்லாமல் கொட்டாவி விடும் வயதான ஜோடி. நிலைமை நேர்மாறு. கோசோவில் பேச ஆள் கிடைப்பது பிரச்சினையே இல்லை, யாரிடமும் பேசாமல் ஒரு நாளை ஓட்டுவதுதான் கஷ்டம்.

மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு கோசோ. மொத்தப் பரப்பே 67 சதுர கிலோமீட்டர்தான். பெரிய தீவான மால்டாவின் சிர்கெவ்வாவிலிருந்து எங்கள் இம்ஜார் துறைமுகத்துக்குப் படகில் 25 நிமிடம். வரும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், இங்கிருந்து கிளம்பும்போதுதான் காசு, அதனால் விருந்தாளிகளிடம் "வர்றதுக்கு ஃப்ரீ, போறதுக்குத்தான் செலவு" என்று சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு என்பதால் ஆங்கிலமும் ஆட்சிமொழி, வண்டி இடப்பக்கம் ஓடும், பிளக் கூட அதே மூன்று முள் பிளக். இங்கிலாந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்களுக்கு அது பெரிய சௌகரியம். குடியிருப்பு அட்டையைக் காட்டி நம் பெயரில் பஸ் கார்டு எடுத்துக்கொண்டால் 2022 அக்டோபரிலிருந்து பேருந்தும் இலவசம், ஆனால் பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது.

நான் நர்ஸாக இருந்தவள். இதைக் காய்கறி வேன்காரரிடம் ஏதோ பேச்சில் சொன்னேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளிலேயே எதிர்வீட்டுப் பாட்டி பிரஷர் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவரைப் பார்த்து அவருடைய மைத்துனி, அப்புறம் தெருமுனையில் இருக்கும் கல் கொத்தனார். மருந்து மாத்திரை விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை, அளவை ஒரு தாளில் எழுதி "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று கொடுத்து அனுப்புவதோடு சரி. மறுநாள் வாசலில் ஒரு பை எலுமிச்சையோ, ஆட்டுப்பாலில் செய்த சின்ன வட்டச் சீஸோ இருக்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த முறை இரண்டு பையாக வரும்.

இந்தத் தெருவில் எல்லாம் வாசலுக்கே வருகிறது. காலையில் ரொட்டி வேன், அதற்கப்புறம் காய்கறி, வாரத்தில் குறிப்பிட்ட நாளில் கேஸ் சிலிண்டர் லாரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ன். ஹார்ன் கேட்டதும் கதவுகள் திறக்கும், பழைய வீடுகள் சிலவற்றில் சாவியைக் கதவிலேயே விட்டுவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேனைச் சுற்றி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் தெருச் சேதி முழுக்க வந்துவிடும். யார் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறாள், யாருக்கு முட்டி ஆபரேஷன், எந்த வீடு விலைக்கு வருகிறது, எல்லாம். ஆகஸ்ட் கடைசியில் லாம்புக்கி மீன் சீசன் ஆரம்பித்துவிட்டால் பேச்சு முழுக்க அதுதான். பனை ஓலைகளை மிதவையில் கட்டிக் கடலில் விடுவார்கள், ஓலை நிழலில் ஒதுங்கும் மீனை வலை போட்டுச் சுற்றிவளைப்பார்கள். அதை இங்கே பொரிப்பார்கள், இல்லாவிட்டால் மாவுக்குள் வைத்துச் சுடுவார்கள். நான் புளி ஊற்றிக் குழம்பு வைத்த நாளில் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் நடையைக் குறைத்தார்கள், ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

மதியம் கடையெல்லாம் அடைத்துவிடுவார்கள், நாலு மணி வரை ஈ காக்கை கிடையாது. வெயில் தாழ்ந்ததும் நாற்காலிகள் வாசலுக்கு வரும். எதிர்வீட்டுப் பாட்டி லேஸ் பின்னுவார். வைக்கோல் அடைத்த நீளத் தலையணையைச் சுவரில் சாய்த்து, அதன் மேல் மாதிரி வரைந்த தாளை வைத்துக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகளைக் கையில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவார். கை வேலையைப் பார்க்கவே மாட்டார், கண் முழுக்கத் தெருவில்தான். குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் நடுவில் நின்றால், சொல்லத் தக்கதாக ஏதோ ஒன்று தெருவில் நடந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் கற்றுத்தருகிறார். எனக்கு இன்னும் நாலு ஜோடிக் குச்சிக்கு மேல் கொடுக்கவில்லை, நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

சரி, வெளிநாட்டு ரிட்டையர் கூட்டத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் அதிகம், ஜெர்மானியர்களும் ஸ்காண்டிநேவியர்களும் உண்டு. காபி, வினாடி வினா, மலையோர நடை, புத்தகக் குழு என்று வாரம் முழுக்க ஏதாவது இருக்கும். புதிதாக வருகிறவர்களை அன்பாகச் சேர்த்துக்கொள்வார்கள், நல்ல பிளம்பர் யார் என்பதிலிருந்து எஸ்1 படிவம் (பென்ஷன்காரர்களின் மருத்துவச் செலவைப் பிரிட்டன் ஏற்பதற்கான தாள்) எங்கே கொடுப்பது என்பது வரை சொல்லித்தருவார்கள், அந்த உதவியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வரும்: குடியிருப்பு அட்டை, பென்ஷன், சுவர் ஈரம், யார் திரும்பிப் போகிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து 2020இல் விலகியதிலிருந்து அட்டைப் பேச்சு மட்டுமே தனி அத்தியாயம். அந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டம், அது கரைந்துகொண்டே இருக்கும். துணை போய்விட்டால், பேரக்குழந்தை பிறந்தால், பெரிய சிகிச்சைக்காக அடிக்கடி படகேறி மால்டா போகவேண்டி வந்தால், கிளம்பிவிடுவார்கள். பிரிவு விருந்துக்கு எடுத்துப்போகவே வீட்டில் ஒரு தட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இங்கே இன்னொரு வெளிநாட்டுக் கூட்டமும் இருக்கிறது, காபிக் கூட்டங்களில் அவர்களைப் பார்க்க முடியாது. இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். முதியோர் இல்லத்தில், ஹோட்டல் சமையலறையில், பஸ் ஸ்டியரிங்கின் பின்னால். அவர்களுடைய பெர்மிட் முதலாளியோடு கட்டிப்போட்டது, வேலை போனால் அடுத்த வேலைக்கு அலைய வேண்டும், கிடைக்காவிட்டால் ஊரை விட்டே போகவேண்டும். நாங்கள் பென்ஷனை வைத்துக்கொண்டு சுவர் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மலையாள நர்ஸ் பெண்கள் வருவார்கள். "சேச்சி" என்று உரிமையோடு உள்ளே வந்து ரசத்தில் என்ன குறை என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

குளிர்காலத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜனவரியில் வெளியே 10 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாது, ஆனால் சுண்ணாம்புக்கல் வீட்டுக்குள் ஈரம் எலும்பு வரை இறங்கும். ஈரம் உறிஞ்சும் மெஷின் இல்லாவிட்டால் அலமாரித் துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடும். காற்று பலமாக அடித்தால் நாட்டின் தலைநகர் வலெட்டா போகும் வேகப் படகு முதலில் நிற்கும், ரொம்ப மோசமானால் பெரிய படகும் நின்றுவிடும். அந்த மாதிரி நாளில் ஊரே ஒரு விதமான லீவு மனநிலைக்கு வந்துவிடும். எங்கள் தீவின் தலைநகர் விக்டோரியாவில், சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் கண்ணாடி கிளாஸில் பால் விட்ட டீ கிடைக்கும், அங்கே போய் உட்கார்ந்தால் மாலை வரை எழ விடமாட்டார்கள்.

கோடையில் இதெல்லாம் தலைகீழ். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புனிதர், ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு திருவிழா, காலை எட்டு மணிக்கே அதிர்வேட்டு. விக்டோரியாவிலோ எல்லாம் இரட்டை. ஜூலை மூன்றாம் ஞாயிறு புனித ஜார்ஜ் திருவிழா, ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பேண்டு சங்கம், ஒரே தெருவில் சங்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆபரா (இசை நாடகம்) அரங்கங்கள், அஸ்த்ராவும் அவுரோராவும். இத்தனை சின்ன ஊரில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஆளுக்கொரு ஆபரா போடுகிறார்கள். பாட்டி ஜார்ஜ் கட்சி, கொத்தனார் மாதா கட்சி. நீங்கள் எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்கமாட்டார்கள், நன்கொடைப் புத்தகத்தை மட்டும் நீட்டுவார்கள், அடுத்தவர் எவ்வளவு வாங்கினார் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும். நாங்கள் சரிசமமாகக் கொடுக்கிறோம். என் கணவருக்கு ஆபரா என்றாலே தூக்கம் வரும், இருந்தாலும் இந்த அக்டோபருக்கும் இரண்டு அரங்கத்திலும் டிக்கெட் எடுத்தாயிற்று. ஓர் ஆபராவுக்குப் போய் மற்றதற்குப் போகாமல் இருந்துவிட்டு இந்தத் தெருவில் காய்கறி வாங்க முடியாது.