அரைப் பக்கத்தில் ஒரு வாழ்க்கை

நம் பழைய மாணவர் மலரின் அடுத்த இதழில் பள்ளியின் சாதனையாளர்களைப் பற்றிச் சின்னச் சின்ன வாழ்க்கைக் குறிப்புகள் வரப்போவதாக ஆசிரியர் குழு அறிவித்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். அதை எழுத உட்காருகிறவர்கள், காலை பிரேயரில் நம்மை வாரம் ஒரு வாழ்க்கை வாசிக்க வைத்த தமிழ் டீச்சரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் டில்லி கரோல் பாக் பக்கம் படித்தவர்களுக்கு டீச்சரின் சட்டம் மறந்திருக்காது. அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பிறந்த ஊர், தேதி, பட்டம், விருது எல்லாம் கடைசி இரண்டு வரியில் வந்தால் போதும். “முதல்ல அவர் என்ன வேலை செஞ்சார்னு சொல்லு. அது புரிஞ்சாதான் விருது எதுக்குன்னு புரியும்” என்பார். ‘ஈடு இணையற்ற’, ‘தன்னலமற்ற’ என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார். ஜனவரி மூடுபனியில் கடைசி வரிசை கண்ணுக்கே தெரியாது. ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்தபடி வாசிப்போம்.

எனக்கு வந்தவர் இயற்பியல் விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்புக்காரர். 1928-ல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து, ஒளி சிதறும்போது அதன் நிறம் கொஞ்சம் மாறுவதைக் காட்டிய, பிறகு ‘ராமன் விளைவு’ என்று பெயர் பெற்ற ஆய்வைச் செய்தவர் என்று எழுதிக் கொண்டுபோனேன். டீச்சருக்கு அது போதவில்லை. “அப்புறம் அவர் சொந்தமா என்ன செஞ்சார்?” என்று கேட்டு இயற்பியல் சாரிடம் அனுப்பிவைத்தார்.

சார் ஒரு சாக்பீஸ் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலின் மேல்முனையை விரலால் மெதுவாகத் திருகினார். டாக்காவில் கிருஷ்ணன் செய்தது இந்த மாதிரிதான் என்றார். அங்கே சாக்பீஸுக்குப் பதில் சின்னஞ்சிறு படிகம், நூலுக்குப் பதில் மெல்லிய குவார்ட்ஸ் இழை. படிகம் காந்தப் புலத்துக்குள் தொங்கும். காந்தம் அதை ஒரு திசையில் பிடித்துவைக்கும். முறுக்கிய இழை வேறு பக்கம் இழுக்கும். எவ்வளவு முறுக்கினால் படிகம் பிடி விட்டுச் சட்டென்று புரள்கிறது என்று அளந்துவிட்டால், உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை ஓர் இழையின் முறுக்கை வைத்துக் கண்டுபிடித்த மனிதர் என்று அன்று எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அவர்தான் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1950 ஜனவரியில் படேல் திறந்துவைத்த அந்தப் பூசா கட்டடத்தை நாம் பஸ்ஸில் எத்தனை தடவை கடந்திருப்போம்! ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிற அழியாத மை உருவானதும் அங்கேதான். ஆய்வகம் இருக்கும் சாலைக்கே இப்போது டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர்.

இன்னொரு வாரம் என் வகுப்புத் தோழி சி. சுப்பிரமணியத்தைப் பற்றி வாசித்தாள். அந்த வருஷம் வாசித்ததிலேயே சிறந்தது அதுதான் என்பேன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வக்கீலுக்குப் படித்தவர், சென்னையில் கல்வி, நிதி அமைச்சராக இருந்தவர். இதையெல்லாம் அவள் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கோதுமையில் ஆரம்பித்தாள். நம் நாட்டுப் பழைய ரகங்கள் உயரமானவை; உரம் நிறையப் போட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். மெக்சிகோ ரகம் குட்டை, சாயாது. அதை நம்பலாமா என்று டில்லியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. விவசாய அமைச்சரான இவர் தன் அரசு பங்களாவின் புல்வெளியிலேயே புது ரகத்தை விதைத்துக் காட்டினார். 1966-ல் 18,000 டன் விதை கப்பலில் வந்து இறங்கியது. அந்த ரகங்களை நம் மண்ணுக்குப் பழக்கிய பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது இயக்குநராக வந்தவர் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன், ஐ.பி.எஸ். கிடைத்தும் போகாமல் மரபியல் படிக்கப் போனவர். ரேஷன் கடை கோதுமையை மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் நாம். அந்தக் காலையில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியும் ஒருத்தி வாசித்தாள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நடத்திக் காட்டினார் என்பதுதான் அதில் முதல் வரி. 1927-ல் சட்டமன்றத்துக்குப் போனதும் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியதும் பின்னால் வந்தன. உ.வே.சா.வும் உண்டு, எம்.எஸ். சுப்புலட்சுமியும் உண்டு. டீச்சருக்கு விஞ்ஞானி, பாடகி, அமைச்சர் என்ற பேதமே கிடையாது.

மலருக்கு வரும் குறிப்புகளும் அப்படியே இருக்கட்டும். இன்ன கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். காலையில் போய் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். பெரிய பதவியில் இருப்பவர்களை மட்டும் தேடவும் வேண்டாம். சிங்கப்பூரில் ரயில் சிக்னல் பராமரிப்பில் இருக்கும் நம் ஜூனியரிடம் பேசிவிட்டேன், அவரைப் பற்றி நான் எழுதித் தருகிறேன். டொரண்டோவில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கும் நம் செட் தோழியைப் பற்றி, அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது எழுதுங்களேன். அரைப் பக்கம் போதும்.